அபராதம் கட்டியாச்சு, அப்புறம்?

நீலகிரியில் கேரட் வண்டிகள் விடியும் முன்பே மலை இறங்க ஆரம்பித்துவிடும். கேத்தி பாலாடா பக்கம் இருட்டிலேயே கேரட் பிடுங்கி, மிஷினில் கழுவி, மூட்டை கட்டி பிக்கப்பில் ஏற்றினால்தான் மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேரும். அதிகாலை மூன்று மணிக்குச் சாவி போடும் ஓட்டுநர் முந்தின இரவு ஒன்பது மணிக்கு ஒரு குவார்ட்டர் குடித்திருந்தால் என்ன ஆகும்?

குவார்ட்டர் என்பது 180 மில்லி. பாட்டிலில் 42.8 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால் வருகிறது. 60 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் ரத்தத்தில் அது உச்சத்தில் 100 மில்லிக்கு 140 முதல் 150 மில்லிகிராம் வரை போகும். சட்டம் அனுமதிக்கும் எல்லை 30. ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் என்ற வேகத்தில்தான் அதைக் கரைக்கும். ஆறு மணி நேரத்தில் 90 போனால், சாவி போடும்போது 50, 60 மிச்சம் இருக்கிறது. சட்ட எல்லையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. சாப்பாடு, உடல்வாகு, குடித்த வேகம் இவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஆனால் டீ, வெந்நீர்க் குளியல், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் ஈரலை அவசரப்படுத்தாது.

இதை ஒரு பிக்கப் ஓட்டுநரிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. அவர் மேல் ஏற்கெனவே ஒரு டி.டி. கேஸ், அதாவது குடித்து ஓட்டிய வழக்கு, உண்டு. "ராத்திரி குடிச்சேன்ணே, இல்லேன்னு சொல்லல. தூங்கி எந்திரிச்சு, மூஞ்சி கழுவி, சூடா டீ குடிச்சுட்டுத்தான் வண்டிய எடுத்தேன். வாடையே இல்ல. அப்புறம் மெஷின்ல எப்படிக் காட்டும்?" என்றார். மெஷினில் கோளாறு என்றே இன்றுவரை நினைக்கிறார். ஊதச் சொன்ன இடத்திலிருந்து பணம் கட்டிய கவுன்ட்டர் வரை ஒருவரும் அவரிடம் இந்த ஆறு மணி நேரக் கணக்கைச் சொல்லவில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. தெரியாதவர் அடுத்த வாரமும் அதையேதான் செய்வார்.

குடித்து ஓட்டித் தண்டனை பெற்றவர்களுக்கான மறுவாழ்வுத் திட்டங்கள் பல நாடுகளில் இந்த இடைவெளியில்தான் வேலை செய்கின்றன. தண்டனையைக் குறைத்துத் தப்பவிடும் வழி என்று சிலர் இவற்றை நினைக்கிறார்கள். அப்படி நடத்தினால் நானும் எதிர்ப்பேன். தண்டனை இருக்கட்டும். அதோடு சேர்த்து, லைசென்ஸ் திரும்பக் கைக்கு வருவதற்கான நிபந்தனையாக இந்தத் திட்டம் இருக்க வேண்டும். நம் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.

சட்டத்தில் உள்ளது

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 185-ஆம் பிரிவுதான் குடித்து ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2019-இல் திருத்தப்படும் வரை முதல் முறைக்கு அபராதம் 2,000 ரூபாய்க்கு மேல் போகாது. இப்போது 10,000, அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அடுத்த முறை 15,000 ரூபாய், இரண்டு ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் இந்தப் புதிய அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லாததற்குக் கட்டுவதைப் போல ரோட்டிலேயே பணத்தைக் கட்டி முடித்துக்கொள்ள முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். இவ்வளவும் ஓட்டுநர்களுக்குத் தெரியும். பத்தாயிரம் என்ற எண் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் அடிபடுகிறது.

அதிகம் பேசப்படாத வேறு சில பிரிவுகள் உண்டு. 20-ஆம் பிரிவின்படி, 185-இல் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பானால், குறைந்தது ஆறு மாதத்துக்கு அவர் வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று நீதிமன்றம் உத்தரவிட வேண்டும். 206-ஆம் பிரிவின்படி போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். அப்படி வந்தால் முதல் முறைக்கு மூன்று மாதம் நிறுத்திவைக்கலாம், மறுமுறை லைசென்ஸையே ரத்து செய்யலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. 2019 திருத்தம் அதே பிரிவில் ஒரு நிபந்தனையையும் சேர்த்தது: நிறுத்திவைத்த லைசென்ஸ் திரும்பக் கிடைக்க வேண்டுமானால் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொள்கிறேன். பயிற்சி கட்டாயம் என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆனால் எதற்குப் பயிற்சி? கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இருபது வருடமாக ஏறி இறங்குகிறவருக்கு சிக்னல் பலகைகளைக் காட்டிப் பாடம் நடத்துவதில் பயன் இல்லை. அவருக்கு ஓட்டத் தெரியும். குடிதான் சிக்கல். அந்தப் பயிற்சி குடியைப் பற்றி ஒரு மணி நேரமாவது உருப்படியாகப் பேச வேண்டும்.

இன்னொரு பழைய சட்டமும் உதவும். 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு, குற்றவாளியை ஒரு நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைக்க நீதிமன்றத்தை அனுமதிக்கிறது. போதைப் பொருளைத் தொடக்கூடாது என்று நிபந்தனை போடலாம் என்பது அந்தப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. அறுபது வருடத்துக்கு மேலாக இருக்கும் இந்தக் கதவைத் தட்டுபவர்கள் குறைவு.

இந்தியாவில் யாரும் எதுவும் செய்து பார்க்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஐதராபாத்தில் பிடிபட்டவர்கள் கோர்ட்டுக்குப் போகும் முன் போக்குவரத்துப் பயிற்சி நிலையத்தில் கவுன்சலிங் வகுப்புக்கு வர வேண்டும், வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டி வர வேண்டும். 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம், குடித்துவிட்டு ஓட்டி மூவர் மேல் மோதிய ஓர் இளைஞருக்கு, சிக்னலில் நின்று குடித்து ஓட்டுவதற்கு எதிரான துண்டுப் பிரசுரம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஜாமீன் தந்தது. பிரசுரம் கொடுப்பது பார்ப்பவர்களுக்கு ஒரு செய்தி. கொடுப்பவரின் குடியை அது என்ன செய்யும் என்பது வேறு கேள்வி. வீட்டு ஆளைக் கூட்டி வரச் சொல்லும் ஐதராபாத் வழி எனக்கு இன்னும் அர்த்தமுள்ளதாகப் படுகிறது.

எல்லோரும் ஒரே ஆள் இல்லை

ஊதிப் பிடிபடுகிறவர்களில் மூன்று விதமான ஆட்கள் இருக்கிறார்கள். கல்யாண வீட்டில் வருடத்துக்கு நான்கு முறை குடிப்பவர். தினமும் சாயங்காலம் குடித்தாலும் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதவர். காலையில் கை நடுங்காமல் ஸ்டீயரிங் பிடிக்கவே ஒரு கட்டிங் தேவைப்படுகிறவர். மூவருக்கும் ஒரே அபராதம் போடலாம், ஒரே வைத்தியம் பார்க்க முடியாது. முதலாமவருக்கு அபராதமும் கேரட் வண்டிக் கணக்கும் போதும். மூன்றாமவருக்கு அபராதம் ஏறவே ஏறாது. பத்தாயிரத்தைக் கடன் வாங்கிக் கட்டிவிட்டு அந்தக் கவலையிலேயே இன்னும் குடிப்பார். அந்தக் கடன் பெரும்பாலும் மனைவியின் கழுத்தில் இருக்கும் நகையில் போய் முடியும். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் ஒரு பெண்ணின் மாதக் கூலியில் பெரும்பகுதி அந்தப் பத்தாயிரம்.

யார் எந்த விதம் என்று பிரிப்பது கஷ்டமான வேலை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற கேள்வித்தாளில் பத்தே கேள்விகள்: எத்தனை நாளுக்கு ஒரு முறை, ஒரு தடவையில் எவ்வளவு, காலையில் எழுந்ததும் தேவைப்பட்டதா, உங்கள் குடியால் யாருக்காவது அடிபட்டதா என்று போகும். மொத்தம் 40 மதிப்பெண். எட்டோ அதற்கு மேலோ என்றால் எச்சரிக்கை, 20-ஓ அதற்கு மேலோ என்றால் அடிமைத்தனமாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஒரு நர்ஸ் பத்து நிமிடத்துக்குள் கேட்டு முடித்துவிடலாம். தீர்ப்புக்கு முன் இந்த ஒரு தாள் கோப்பில் இருந்தால் நீதிபதிக்கு எதிரில் நிற்பவர் யார் என்று தெரியும்.

பிடிபட்டது முதல் முறை என்பதால் ஓட்டியதும் முதல் முறை என்று ஆகிவிடாது. அதனால் 'முதல் குற்றம், பாவம்' என்று விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வெளியூர்களில் பார்த்த பலன்

பிரிட்டனில் 1993-இல் சோதனையாகத் தொடங்கிய வகுப்பு 2000-இலிருந்து நாடு முழுவதும் நடக்கிறது. ஒரு வருடமோ அதற்கு மேலோ லைசென்ஸ் பறிபோனவர் சுமார் 16 மணி நேர வகுப்பை முடித்தால், தடைக்காலத்தில் நான்கில் ஒரு பங்கு வரை குறையும். வகுப்புக் கட்டணம் அவர் பொறுப்பு. ஜெர்மனி கறாரானது. ரத்தத்தில் 160 மில்லிகிராமைத் தொட்டுவிட்டால் மருத்துவ, உளவியல் பரிசோதனையில் தேறாமல் லைசென்ஸ் திரும்ப வராது. மாதக்கணக்கில் குடிக்கவில்லை என்பதற்கு ஆய்வகச் சான்றும் கேட்பார்கள். நம் ஊர்க் குவார்ட்டருக்குக் கொஞ்சம் மேலே போனாலே அந்த 160 வந்துவிடும்.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலம் 2005-இல் வேறு மாதிரி யோசித்தது. மறுபடி மறுபடி பிடிபடுகிறவர் தினமும் காலையும் மாலையும் வந்து ஊதிக் காட்ட வேண்டும். குடித்திருந்தால் அப்போதே ஓரிரு நாள் உள்ளே. தண்டனை சிறியது, ஆனால் தப்பவே தப்பாது. 2013-இல் வெளியான ஆய்வில், திட்டம் வந்த மாவட்டங்களில் மறுமுறை குடித்து ஓட்டிக் கைதாவது 12 சதவீதம் குறைந்திருந்தது. வீட்டில் மனைவியை அடித்துக் கைதாவது போன்ற வழக்குகளும் 9 சதவீதம் குறைந்திருந்தன. இந்த இரண்டாவது எண்ணை மலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் பெண்கள் கவனிப்பார்கள்.

அற்புதம் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1995-இல் 215 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இப்படிப்பட்ட திட்டங்கள் மறுகுற்றத்தை 7 முதல் 9 சதவீதம்தான் குறைத்திருந்தன. குடித்திருந்தால் ஸ்டார்ட் ஆகாத வண்டிப் பூட்டு, மாட்டியிருக்கும் வரை நன்றாக வேலை செய்கிறது, கழற்றியதும் பழைய கதைதான். விபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களை மேடையில் பேச வைப்பது கேட்பவரை அழ வைக்கிறது, ஆனால் அதனால் மட்டும் குடி குறைந்ததற்கு வலுவான சான்று இல்லை. ஓரளவு உறுதியாகத் தெரிவது இதுதான்: லைசென்ஸ் தடையும் சிகிச்சையும் சேர்ந்து நடந்தால், தனித்தனியாக நடப்பதைவிடப் பலன் கூடுதல். ஏழு சதவீதம் சின்ன எண் என்று தோன்றலாம். பர்லியார் வளைவில் எதிரே பள்ளி வேன் வரும்போது அது சின்ன எண்ணாக இருக்காது.

மலைக்கு என்று தனிக் கஷ்டம்

சமவெளியில் லைசென்ஸை இழந்தவர் பஸ்ஸில் ஏறி வேறு வேலைக்குப் போகலாம். மலையில் தோட்ட வேலையை விட்டால் பலருக்கு ஓட்டுவதுதான் தொழில். டூரிஸ்ட் டாக்ஸி, ஜீப், காய்கறிப் பிக்கப், இலை வண்டி. ஆறு மாதம் வண்டி இல்லை என்றால் வீட்டில் அடுப்பு எரியாது, ஆகவே லைசென்ஸ் இல்லாமலேயே ஓட்டுவார். தண்டனையை நிறைவேற்றச் சொல்கிற நாமும் இதைக் கண் திறந்து பார்க்க வேண்டும். அந்த ஆறு மாதத்தில் செய்ய ஒரு வேலையும் போக ஒரு இடமும் இல்லாத மனிதர் பாட்டிலோடுதான் உட்கார்ந்திருப்பார்.

சிகிச்சையும் தூரத்தில் இருக்கிறது. ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் வந்துவிட்டது, சரி. ஆனால் பந்தலூர்க்காரர் ஊட்டி போய்வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. கொடைக்கானல் பக்கம் பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு வடுகபட்டி சந்தைக்கு இறங்குகிற ஓட்டுநருக்கு, திண்டுக்கல்லில் வாரம் ஒரு முறை கவுன்சலிங் என்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடுவார்.

இதற்கு ஒரு விடை கோவாவிலிருந்து வந்திருக்கிறது. அங்கே ஆரம்ப சுகாதார நிலையங்களில், மருத்துவரோ உளவியல் பட்டதாரியோ இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மிதமிஞ்சிக் குடிக்கும் ஆண்களோடு அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேச வைத்தார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவின்படி, பேசிய குழுவில் மூன்று மாதத்தில் 36 சதவீதம் பேர் ஆபத்தான அளவிலிருந்து இறங்கியிருந்தார்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். அப்போது கேட்டதற்கு முந்தைய பதினான்கு நாளில் குடியைத் தொடவே இல்லை என்றவர்கள் 42 சதவீதம், எதிர்க்குழுவில் 18. மேலே சொன்ன இரண்டாம் விதத்து ஆளுக்கு இது ஏறக்குறைய அளவெடுத்துத் தைத்த திட்டம். கோத்தகிரியிலோ பெருமாள்மலையிலோ இதைச் செய்ய ஒரு மனநல நிபுணர் மலை ஏறி வரக் காத்திருக்கத் தேவையில்லை. தமிழும் படுகும் பேசத் தெரிந்த, ஸ்டாண்டில் மரியாதை உள்ள ஒருவர் போதும்.

முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நீலகிரியே பதில். காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று உயர் நீதிமன்றம் கண்டித்தபின், 2022 மே மாதம் டாஸ்மாக் இங்கேதான் முதலில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தையும் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தது. ஒவ்வொரு பாட்டிலும் எங்கே போனது, திரும்ப வந்ததா என்று பின்தொடரும் ஏற்பாட்டை ஒரு மலை மாவட்டம் நடத்திக் காட்டிவிட்டது. கோர்ட்டில் அபராதம் கட்டிய ஓட்டுநர்களின் எண்ணிக்கை அந்தப் பாட்டில்களில் ஒரு துளிகூட வராது. அவர்களையும் பின்தொடரலாம்.

மலை வகுப்புக்குப் பாடத்திட்டமும் மலையிலிருந்தே வர வேண்டும். குளிருக்கு ஒரு கட்டிங் என்பது இங்கே பரம்பரை நம்பிக்கை. குடித்ததும் தோலுக்கு ரத்தம் ஓடி உடம்பு சூடானது போல இருக்கும். உண்மையில் உள்சூடு வெளியேறிக்கொண்டிருக்கும், உடம்பு இன்னும் குளிரும். இறக்கத்தில் சின்ன கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்க வேண்டும், பிரேக்கையே நம்பினால் சூடேறி வழுக்கும் என்பது எல்லா ஓட்டுநருக்கும் பாலபாடம். போதை முதலில் கெடுப்பது இரண்டு விஷயங்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் திறனைத்தான். கியர், மூடுபனி, எதிரே ஏறி வரும் லாரியின் வெளிச்சம், ஓரத்தில் நிற்கும் காட்டெருமை என்று நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய வளைவில் அவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். தான் தெளிவாக ஓட்டுவதாகத்தான் அவருக்குத் தோன்றும்.

சுற்றுலா ஓட்டுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. குடும்பத்தை ஹோட்டல் அறையில் இறக்கிவிட்டு, டிசம்பர் குளிரில் காரிலேயே சுருண்டு படுப்பவர் தூக்கத்துக்காகக் குடிக்கிறார். 2023-இல் தமிழக அரசு கட்டட விதிகளைத் திருத்தி, ஹோட்டல்கள் ஓட்டுநர்களுக்குப் படுக்கை வசதி கொடுக்க வேண்டும் என்றது. அந்த விதி ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஒழுங்காக அமலானால், அதுவே ஒரு தடுப்புத் திட்டம்.

சிகிச்சையில் செய்யக்கூடாதவை

தினமும் நிறையக் குடிப்பவர் கோர்ட்டுக்குப் பயந்து திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் உளறல், இல்லாதது கண்ணில் தெரிவது, உடல் முழுக்க நடுக்கம் என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இது மனஉறுதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய். 'இன்றிலிருந்து தொடமாட்டேன்' என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருபவரையும் அப்படியே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

அடுத்தது, சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கும் மாத்திரை. டைசல்ஃபிராம் என்ற மருந்து உடம்பில் இருக்கும்போது குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று வரும், சிலர் இறந்தும் போயிருக்கிறார்கள். அவர் சம்மதத்தோடு, மருத்துவர் பார்வையில் மட்டுமே கொடுக்கக்கூடியது அது. சாம்பாரில் அதைக் கலந்து சாப்பிட்டவர் வளைவில் வண்டியோடு இருந்தால் என்ன ஆகும் என்று கலப்பவர்கள் யோசிப்பதில்லை. அவர்களின் வேதனை புரிகிறது, வழி தவறு.

ஆள் வைத்து இரவோடு இரவாகத் தூக்கிப் போய்ப் பூட்டிவைக்கும் மையங்களும் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி இத்தகைய மையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது. பணம் கட்டும் முன் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். 1980-களின் கடைசியிலிருந்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களில் சென்னை டி.டி.கே. மருத்துவமனை நடத்திய முகாம்களில், ஊர் மக்களே இடமும் சோறும் கொடுத்து, குடும்பத்தையும் உட்கார வைத்து, பதினைந்து நாளில் தொடங்கி மாதக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். பூட்டு தேவைப்படவில்லை.

நான் பார்க்க விரும்பும் ஏற்பாடு பெரிதாக ஒன்றும் இல்லை. கேஸ் கோர்ட்டுக்கு வருமுன் அரசு மருத்துவமனையில் அந்தப் பத்துக் கேள்வி. தீர்ப்பில் அபராதம், லைசென்ஸ் தடை, அதோடு மதிப்பெண்ணுக்கு ஏற்ப ஒரு வகுப்போ, நான்கு சந்திப்போ, உள்நோயாளி சிகிச்சையோ. வகுப்பு மண்டி இல்லாத நாளில், ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வீட்டு ஆளோடு. லைசென்ஸ் தடையின் கடைசி மாதங்களில் தினமும் காலையில் ஊதிக் காட்டும் ஒரு பதிவேடு, அதை உள்ளூர் சுகாதார நிலையமே வைத்துக்கொள்ளலாம். செலவுக்கு வசூலாகும் பத்தாயிரங்களில் ஒரு பங்கு. லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்கும் மேசையில் அந்தப் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அதெல்லாம் வரும் வரை காத்திருக்க முடியாத வீடுகளுக்கு: 14446 போதை மீட்புக்கான தேசிய இலவச எண், 14416 மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண். 14416-இல் தமிழிலேயே பேசலாம். குடிக்கிறவர்தான் கூப்பிட வேண்டும் என்பதில்லை, மனைவியோ அம்மாவோ கூப்பிட்டும் கேட்கலாம்.